பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்!

(பெற்றோரும் விவசாயிகளும் ஆசிரியர்களும் திரண்டிருந்த அறுகம்பேக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்.)

தலைவர் அவர்களே, உலமாக்களே, ஆசிரியப் பெருமக்களே, வயலிலிருந்தும் கடலிலிருந்தும் நேராக இக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உழைப்பாளர்களே, யாவர்க்கும் மேலாக, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே!



இம்மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது காணியைப் பற்றி, மொழியைப் பற்றி, வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பற்றி. வயலின் வரம்பை அயலவன் ஒரு முழம் வெட்டிவிட்டால் நாம் உறங்குவதில்லை. வட்டவிதானையிடம் போகிறோம், பிரதேச செயலகத்துக்குப் போகிறோம், அதுவும் பலிக்காவிட்டால் என்னைப் போன்ற சட்டத்தரணியிடம் வருகிறோம். இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு வரம்பைப் பற்றி. அது இரவு பதினொரு மணிக்கு, போர்வைக்குள்ளே, உங்கள் பிள்ளையின் உள்ளங்கையில் ஒளிர்ந்துகொண்டிருக்கும் கைத்தொலைபேசி. அதன் வழியாக உலகமே உங்கள் வீட்டுக்குள் வரலாம். வாசற்கதவைத் தட்டவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

“இதெல்லாம் அரசியலா?” என்று கூட்டத்துக்கு வருமுன் நண்பரொருவர் என்னைக் கேட்டார். சட்டம் எவரைக் காக்கிறது, எவரைக் கைவிடுகிறது என்று கேட்பது அரசியல் இல்லையென்றால், வேறெது அரசியல்? இக்கேள்வியை எனக்குள் எழுப்பிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடுகைப் பத்திரம் கேட்டு வந்த தாய்

சில ஆண்டுகளுக்கு முன் இக்கரையோரத்து ஊரொன்றிலிருந்து ஒரு தாயும் அவருடைய மூத்த மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஊரைச் சொல்லேன், பெயரைச் சொல்லேன். கல்முனை முதல் பொத்துவில் வரை எந்த ஊராகவும் அதனை நீங்கள் எண்ணிக்கொள்ளலாம். தகப்பனார் கத்தாரிலே தொழில் பார்ப்பவர். வந்தவர்கள் கேட்டது இதுதான்: “சேர், மகளுக்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் எடுக்கவேணும். அதிபர் தரமாட்டன் என்கிறார். நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தாங்க.”

மகளுக்கு வயது 14. வகுப்பிலே முதல் மூவருள் ஒருத்தி. ஏன் படிப்பை நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். தாய் அழுதார். மகன் தலை குனிந்து தரையைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்தே உண்மை வெளிவந்தது.

2020ஆம் ஆண்டிலே கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வட்ஸ்அப்பிலே வந்தன. அதற்காக வாப்பா வாங்கி அனுப்பிய தொலைபேசி அது. பாடம் முடிந்தபின் விளையாட்டு வந்தது. விளையாட்டிலே ஒரு தோழி வந்தாள். கண்டியில் படிக்கும் மாணவி என்றாள். தானும் தகப்பனைப் பிரிந்து வாழ்பவள் என்றாள். ஆறு மாதம் அன்பாகப் பேசினாள். பிறகு ஒரு படம் கேட்டாள். நம் பிள்ளை முக்காடில்லாமல் ஒரு படம் அனுப்பினாள். அவ்வளவுதான். நீதிமன்றத்தில் அதை ஆபாசப் படமென்று எவரும் சொல்லார். ஆனால் நம் ஊரிலே அந்த ஒரு படமே ஒரு பெண்பிள்ளையின் கழுத்துக்குக் கயிறாகும் என்பதை மறுமுனையில் இருந்தவன் நன்கு அறிந்திருந்தான். ஆம், அவன்! தோழியுமில்லை, கண்டியுமில்லை. “இதை உன் வாப்பாவுக்கு அனுப்புவேன், பள்ளிவாசல் குழுவிலே போடுவேன்” என்றான். வேறு படங்கள் கேட்டான். பயத்தில் அனுப்பினாள். பிறகு பணம் கேட்டான். உம்மாவின் சீட்டுக் காசிலிருந்து எடுத்து ரீலோட் போட்டாள்.

காசு குறைந்ததனால் விடயம் வெளிப்பட்டது. அண்ணன் அடித்தான். தொலைபேசியை அம்மிக் கல்லில் போட்டு நொறுக்கினான். படிப்பை நிறுத்தினார்கள். நான்கு மாதம் கழித்து விடுகைப் பத்திரத்துக்காக என்னிடம் வந்தார்கள்.

பெரியோர்களே, நீங்களே நீதிபதிகளாக இருந்து இந்த வழக்கை விசாரியுங்கள். குற்றம் செய்தவன் ஒருவன். குற்றத்துக்கு இரையானவள் ஒருத்தி. அடிபட்டவள் யார்? அவள். படிப்பை இழந்தவள் யார்? அவள். வீட்டுக்குள் சிறைப்பட்டவள் யார்? அவள். அவனுக்கு என்ன தண்டனை கிடைத்தது? எதுவுமில்லை. அவன் வேறொரு பிள்ளையின் தோழியாகப் போய்விட்டான். அவனைப் பிடிக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தத் தொலைபேசி; அதையும் நாமே அம்மிக் கல்லில் பொடியாக்கிவிட்டோம். எந்த நீதவானும் எழுதத் துணியாத ஒரு தீர்ப்பை நம் வீடுகள் நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கின்றன!

அவன் எங்கிருந்து பலம் பெறுகிறான்?

இக்கயவர்களின் தொழில்முறை உலகெங்கும் ஒன்றே. முதலில் நட்பு, அடுத்து, விளையாட்டுக்குள் செலவழிக்கத்தக்க வைரம், ரீலோட் போன்ற சிறு பரிசு, அடுத்து, எல்லோரும் காணும் இடத்தைவிட்டு இருவர் மட்டுமே பேசும் இடத்துக்கு அழைப்பு, அடுத்து, “இதை வீட்டில் சொல்லாதே” என்னும் இரகசியம், அதன்பின் படம், அதன்பின் மிரட்டல். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வது இது என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்பிள்ளைகளையும் இப்படியே பிடிக்கிறார்கள்; அவர்களிடம் பெரும்பாலும் பணம் பறிக்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவின் துணையால், பிள்ளை எந்தப் படமும் அனுப்பாமலே, பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எடுத்த சாதாரணப் படத்திலிருந்து இழிவான பொய்ப் படத்தை ஆக்கிவிடுகிறார்கள். “என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை” என்னும் நிம்மதியும் இனி நமக்கு இல்லை.

இத்தொழிலில் அவனுக்குள்ள முதலீடு எது? படம் என்பீர்கள். இல்லை. வாப்பாவிடம் சொன்னால் வாப்பா தன்னைத்தான் அடிப்பார் என்று பிள்ளைக்குள்ள பயம். அந்தப் பயத்தை விதைத்தவன் அவனில்லை. நாம் விதைத்தோம், அவன் அறுவடை செய்கிறான். பிள்ளை முதலாம் நாளே ஓடிவந்து சொல்லக்கூடிய வீட்டில் அவனுடைய மிரட்டலுக்கு ஒரு சதமும் பெறுமதி கிடையாது.

கனடா நாட்டிலே 2012ஆம் ஆண்டு 15 வயதுச் சிறுமி ஒருத்தி இத்தகைய மிரட்டலுக்கு ஆளாகி, ஊராரின் ஏளனத்தையும் தாங்கமாட்டாமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மிரட்டியவன் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் இருந்தான். அவனைக் கனடாவுக்குக் கொண்டுவந்து விசாரித்து, 2022ஆம் ஆண்டிலே 13 ஆண்டுச் சிறை விதித்தார்கள். சட்டத்தின் கை நீளமானதுதான். பத்தாண்டு கழிந்தாவது அது எட்டிப் பிடிக்கும். ஆனால் அந்தக் கை எட்டும்வரை பிள்ளை உயிரோடிருக்க வேண்டுமே! அது வீட்டாரின் கையிலும் ஊராரின் கையிலும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

“நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லை” என்று பலர் சொல்கிறார்கள். அது பிழை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆபாசமாகப் படமெடுத்தலும், அப்படத்தைப் பரப்புதலும், கையில் வைத்திருத்தலும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். 1995ஆம் ஆண்டின் திருத்தம் அது. அந்நாளில் படங்களை ஸ்டூடியோவில் கழுவவேண்டும். ஆகையால், கழுவக் கொடுத்த படத்தில் இத்தகைய ஒன்றைக் கண்டால் பொலிஸுக்கு அறிவிப்பது ஸ்டூடியோக்காரரின் கடமை என்று அச்சட்டமே விதித்தது. 2006ஆம் ஆண்டிலே இன்னொரு திருத்தம் வந்தது. கணினி வழியே சேவை வழங்குபவர், தம் வசதி பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதற்குப் பயன்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், அறிந்ததைப் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அது கூறிற்று. நாட்டுக்குள் இருந்தாயினும் வெளியே இருந்தாயினும், எவ்வழியிலாயினும், இத்தகைய நோக்கத்துக்காகப் பிள்ளையை அழைப்பதே குற்றம் என்றும் அதே திருத்தம் ஆக்கிற்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து, அதனை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் சட்டமொன்று வழி செய்தது. இரைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் செய்தியைப் பிரசுரிப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு தடுக்கிறது. பத்திரிகைக்காரருக்கும் இது பொருந்தும்.

இங்கே ஒரு வார்த்தை எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பிள்ளையின் படம் உங்கள் குழுவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். “பாருங்கள், காலம் கெட்டுவிட்டது” என்று வேதனைப்பட்டு நீங்கள் அதனை இன்னொருவருக்கு அனுப்பினால், உங்கள் வேதனையைச் சட்டம் கேளாது. படத்தைப் பரப்பியவர் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். ஒழுக்கத்தின் பெயரால் ஒரு பிள்ளையை நூறு தடவை நிர்வாணமாக்குகிற ஒழுக்கவாதிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

சட்டம் இருக்கிறதென்றால் குறை எங்கே? 2021ஆம் ஆண்டிலே கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தில் விளம்பரம் செய்யப்பட்டு விற்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. சந்தேகத்தின் பேரில் கைதானோர் 30 பேருக்கும் மேல். அவர்களுள் மருத்துவர் இருந்தார்; மதகுரு இருந்தார்; பிரதேச சபையைச் சேர்ந்தவர் இருந்தார்; மாலைதீவின் முன்னாள் இராஜாங்க அமைச்சர் ஒருவரும் இருந்தார். 286அ, 286ஆ எல்லாம் அப்போதும் சட்டப் புத்தகத்தில் இருந்தன. இணையத்தில் அவ்விளம்பரம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. பார்த்தவர்கள் முறைப்பாடு செய்யவில்லை. சட்டம் தானாக நடந்து வருவதில்லை, தோழர்களே. முறைப்பாடு என்னும் காலை ஊன்றியே அது நடக்கிறது.

தமிழகத்திலே பொள்ளாச்சி வழக்கையும் எண்ணிப் பாருங்கள். சமூக வலைத்தளத்தில் பழகி, இளம் பெண்களை அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, காணொளி எடுத்து மிரட்டிய கூட்டம் 2019ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. எத்தனையோ பெண்கள் வாய்மூடியிருக்க, ஒரு பெண் துணிந்து முறையிட்டார். அவருடைய அடையாளமே அதிகாரிகளால் வெளியிடப்பட்ட கொடுமையும் நடந்தது; உயர் நீதிமன்றம் அதனைக் கண்டித்து 25 இலட்சம் ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. முடிவில், 2025 மே மாதம் 13ஆம் நாள், ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு முறைப்பாடு ஒன்பது பேரைச் சிறைக்கு அனுப்பியது. மௌனம் எவரையும் சிறைக்கு அனுப்பியதில்லை.

எந்த மொழியில் முறையிடுவது?

நான் சொன்ன அந்தத் தாயை ஒருவாறு இணங்கச் செய்து முறைப்பாட்டுக்கு அழைத்துச் சென்றேன். அவர் தமிழிலே சொன்னார்; எழுதியவர் சிங்களத்திலே எழுதினார்; “கையொப்பமிடுங்கள்” என்றார். தன் மகளின் வாழ்க்கையைப் பற்றிய வாக்குமூலத்தில், தனக்கு ஓரெழுத்தும் புரியாத தாளில், அந்தத் தாய் கையொப்பமிட வேண்டும்! நான் அருகிலிருந்தேன், ஆகவே அதனை வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லுமாறு கேட்டேன். “கண்டியில் படிக்கும் மாணவி என்று நடித்த ஒருவன்” என்று தாய் சொல்லியிருக்க, “கண்டியில் உள்ள நண்பன்” என்று எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லால் ஏமாற்றப்பட்ட பிள்ளை காதல் செய்த பிள்ளையாகிவிட்டாள். எழுதியவர் கெட்டவரென்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவே.

1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ் பேசும் மக்கள் ஏன் போராடினார்கள் என்று இளைஞர்கள் சில வேளை என்னைக் கேட்கிறார்கள். உத்தியோகத்துக்காக மட்டுமா? இல்லை. ஒரு தாய் தன் துயரத்தைத் தன் மொழியில் பதிந்து வைப்பதற்காக! 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே, பிள்ளைகள் தொடர்பான முறைப்பாட்டைத் தமிழில் எழுதத் தெரிந்த ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தர் இக்கரையோரத்துப் பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது சலுகையன்று. அரசியலமைப்பு எழுதிக் கொடுத்த கடனை வசூலிப்பது.

கம்பெனிகளின் பொறுப்பு

மொழியைக் கைவிட்டவர்கள் அரசாங்கத்தார் மட்டுமல்லர். அந்தப் பெரும் கம்பெனிகளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு நமது அம்பாறை நகரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முஸ்லிம் உணவகமொன்றில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்ற பொய் பேஸ்புக்கிலே பரவிற்று. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் அந்த நெருப்பு கண்டி மாவட்டத்துக்குப் பாய்ந்தது. மாத்திரை என்று சொல்லப்பட்டது வெறும் மாவுக்கட்டி என்று பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது. தன் தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக அக்கம்பெனி வருத்தம் தெரிவித்தது எப்போது? 2020 மே மாதத்தில்! இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நம் நாட்டு மொழிகளில் வரும் விஷத்தைப் படித்தறியப் போதிய ஆட்களை அது வைத்திருக்கவில்லை. இனக்கலவரத்தைத் தூண்டும் சொல்லையே படித்தறியாதவன், தமிழில் ஒரு பிள்ளையை மிரட்டும் சொல்லையா படித்தறியப் போகிறான்?

அவுஸ்திரேலிய நாட்டுப் பாராளுமன்றம் 2024ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10ஆம் நாள் முதல், பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. அத்தடை பலிக்குமா என்பதில் இரு கருத்து உண்டு. ஆனால் அச்சட்டத்தில் ஓர் அம்சம் என் கருத்தைக் கவர்ந்தது. சட்டத்தை மீறினால் பிள்ளைக்குத் தண்டனையில்லை, பெற்றோருக்குத் தண்டனையில்லை, கம்பெனிக்கு ஐந்து கோடி டொலருக்குச் சற்றுக் குறைந்த தொகை வரை அபராதம். பாரத்தை எவர் தோளில் ஏற்ற வேண்டுமோ அவர் தோளில் ஏற்றியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் என்ன செய்தார்கள்? நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி 24ஆம் நாள் 108 வாக்குகளால் அது நிறைவேறிற்று. எதிர்த்தவர் 62 பேர். பிள்ளைகளைக் காப்பதற்கே இச்சட்டம் என்று மேடைதோறும் சொன்னார்கள். பிள்ளைகளுக்காகச் சில வரிகள் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது உண்மை, எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுப்பதற்காகப் பல பக்கங்கள் எழுதினார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெரியவரின் வாயைக் கட்டும் தந்திரம் நமக்குப் புதிதல்ல. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். தமிழ்க் கவிதை எழுதிய ஆசிரியர் அவர். மாணவருக்குத் தீவிரவாதம் போதித்தார் என்பது குற்றச்சாட்டு. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் நிரபராதி என விடுதலை. மாணவரைக் காக்கிறோம் என்று சொல்லி மாணவரின் ஆசிரியரையே சிறையில் வைத்தார்கள்.

ஆகவே நமது நிலை தெளிவாக இருக்கட்டும். பிள்ளைகளைக் காக்கும் சட்டம் தனியே, கூர்மையாக, கம்பெனிகளைப் பிணிப்பதாக வேண்டும். பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்குப் பிள்ளைகளைப் போர்வையாக்க நாம் ஒப்பமாட்டோம். 2018இல் அரசாங்கம் ஒரு வாரம் சமூக வலைத்தளங்களையே மூடிவைத்தது. வேறு வழியாக நுழையத் தெரிந்தவர்கள் நுழைந்துகொண்டே இருந்தார்கள். மூடுவது எளிது, காப்பது கடினம்.

வேலியும் காவலும்

லாகுகல பக்கத்திலே வயல் செய்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். யானை வேலி போட்டுவிட்டோம் என்று எவராவது கதிர் முற்றிய காலத்தில் வீட்டில் போய் உறங்குவாரா? காவற்பரணில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். யானைக்குப் பயந்து வயலையே விதைக்காமல் விடுவாரும் இல்லை. பிள்ளையின் தொலைபேசியைப் பிடுங்குவது விதைக்காமல் விடுவது போன்றது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் உம்மாவின் முகத்தை அந்தத் தொலைபேசியிலேதான் பல பிள்ளைகள் இங்கே காண்கிறார்கள். பரீட்சைக்கான பாடமும் அதிலேதான். பிடுங்குவதால் பயனில்லை, விழித்திருப்பதே வழி.

ஆகையால் நான் வேண்டுவன சில.

முதலாவது, இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: “என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், உன்னை அடிக்கமாட்டோம், படிப்பை நிறுத்தமாட்டோம்.” அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்நாட்டுச் சட்டம். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தும் தந்தையே சட்டத்தை மீறியவர் ஆகிறார்.

இரண்டாவது, இரவிலே தொலைபேசிகள் யாவும், வாப்பாவினுடையதும் சேர்த்து, வீட்டின் நடுக்கூடத்தில் உறங்கட்டும். தமக்கில்லாத கட்டுப்பாட்டைப் பெரியவர்கள் பிள்ளைக்கு விதித்தால் அது நிலைக்காது.

மூன்றாவது, மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவனிடமே மீண்டும் கேட்பான். அழிக்காதீர்கள், உடைக்காதீர்கள். மிரட்டலின் எழுத்து, அவன் கணக்கின் பெயர், தேதி, நேரம், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு ஆகியவை தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் எவருக்கும் அனுப்பாதீர்கள்; தொலைபேசியையே பொலிஸாரிடம் காட்டுங்கள். 1929 என்பது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். இணையக் குற்றங்களுக்கு இலங்கைக் கணினி அவசர நிலையத்தின் இலக்கம் 101. இவ்விரண்டையும் தொலைபேசியில் பதிந்துகொள்ளாமல் ஒருவரும் இக்கூட்டத்தை விட்டு எழவேண்டாம்.

நான்காவது, படம் பரவிவிடுமே என்ற பயத்துக்கும் ஓரளவு மருந்து உண்டு. ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவையை அமெரிக்காவிலுள்ள காணாமற்போன சிறுவர்களுக்கான தேசிய நிலையம் 2023ஆம் ஆண்டு தொடங்கிற்று. படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் இலக்கம் மட்டும் செல்லும். அதனைக் கொண்டு, சேர்ந்துள்ள கம்பெனிகள் தம் தளங்களில் அப்படத்தைத் தேடி அகற்றும். எல்லா இடத்திலும் பலிக்கும் என்று சொல்லேன். இரகசியமாகப் பேசும் செயலிகளுக்குள் அது எட்டாது. ஆயினும் கையற்ற நிலை இல்லை என்று பிள்ளைக்குத் தெரிவதே பெரும் ஆறுதல்.

ஐந்தாவது, இந்தக் கடற்கரையில் தொழில் செய்வோருக்கு. ஏப்ரில் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காக உலகம் இங்கே வருகிறது, நல்லது. நம் பிள்ளைகள் கடலில் குளிப்பதைப் படமெடுத்து இணையத்தில் போடுபவரைக் கண்டால், பெற்றோரின் அனுமதி எங்கே என்று மரியாதையோடு கேளுங்கள். ஆனால் ஆபத்தெல்லாம் வெள்ளைக்காரனிடமிருந்தே வருகிறது என்று மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள். அது உறவினன் உருவிலும் வரும், ரியூசன் வாத்தியார் உருவிலும் வரும்.

கடைசியாகப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களுக்கும் கோயில் பரிபாலன சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். காணிச் சண்டையைப் பேசித் தீருங்கள், கடனைப் பேசித் தீருங்கள், நன்றி. பிள்ளைக்கு இழைத்த குற்றத்தைப் பேசித் தீர்க்காதீர்கள். “ஊர் மானம்” என்று நீங்கள் மூடிவைக்கும் ஒவ்வொரு விடயத்தின் கீழும் ஒரு பிள்ளை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்திலே பெண்பிள்ளைகளுக்கு அடக்கத்தைப் போதிக்கும் அதே நேரம், ஆண்களுக்கு அமானிதத்தையும் போதியுங்கள்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். வழக்கு நிற்கவில்லை. தொலைபேசி பொடியாகிவிட்டது, அந்தக் கணக்கும் மறைந்துவிட்டது, ஆள் அகப்படவில்லை. ஒரு சட்டத்தரணியாக நான் தோற்ற வழக்கு அது. ஆனால் விடுகைப் பத்திரத்துக்கான கடிதத்தை நான் எழுதவில்லை. கத்தாரிலிருந்த தகப்பனாரோடு அன்றிரவு ஒரு மணி நேரம் பேசினேன். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “மகளிடம் கொடுங்க” என்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை காலையில், அடித்த அதே அண்ணன், தங்கையைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டான்.

நாம் கேட்கும் நீதி அங்கிருந்தே தொடங்குகிறது. குற்றவாளிக் கூண்டிலிருந்து பிள்ளையை இறக்குங்கள். இறக்கிய பின், அங்கே நிற்க வேண்டியவனைத் தேட நாம் எல்லோரும் சேர்ந்து புறப்படுவோம்.